பேனருக்குப் பின்னால் ஒரு வீடு

அமைச்சர் இராஜாங்கத்தைச் சுற்றி எந்நேரமும் ஆட்கள்தான். ஆனாலும் அவரைப் போல ஒரு தனியாள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது.

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் கும்பல். சால்வையோடு சிலர், மனுவோடு பலர். வீட்டுவசதியும் உள்ளாட்சியும் ஒரே ஆளிடம் இருந்தால் கேட்கவா வேண்டும்? வீடு வேண்டும், ரோடு வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, எல்லாம் அவர் தலையில்தான். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் ஒரு ஜீவன் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. மகள் அபிநயா கனடாவிலிருந்து கூப்பிட்டால், ஐயா மீட்டிங்கில் இருக்கிறார் என்று உதவியாளர் ஜெயபாலே பதில் சொல்லி வைத்துவிடுவான். அவன் பொய் சொல்வதில்லை. அவர் எப்போதும் மீட்டிங்கில்தான் இருந்தார்.

அன்றைக்கு அவர் போய்க்கொண்டிருந்தது சொந்த ஊருக்கு. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டிய வெண்ணிமங்கலம். புதிதாகக் கட்டிய வீடுகளுக்குச் சாவி கொடுத்து, குடிசையே இல்லாத ஊர் என்று அறிவிக்கிற விழா. அவர் மனசு சாவியில் இல்லை. அக்கா தங்கம்மாளைப் பார்க்க வேண்டும், அவள் கையால் ஒரு வாய் சோறு தின்ன வேண்டும், அவ்வளவுதான். அக்கா அவரோடு பேசி இரண்டு வருஷம் ஆகிறது.

அப்பா அம்மா இருவரும் கூலிக்கு நடவு நட்டவர்கள், சீக்கிரமே போய்விட்டார்கள். அவரை வளர்த்தது அக்காதான். நாற்றுப் பறித்துத் தம்பியைத் தஞ்சாவூரில் படிக்க வைத்தவள். தம்பி அமைச்சரான சமயத்தில் அவளுக்கும் அரசாங்க வீடு ஒன்று அனுமதியாகியிருந்தது. முறைப்படி, விண்ணப்பித்து வந்த வீடு. அமைச்சர் அக்காளுக்கே வீடா என்று நாளைக்கு எவனாவது கேட்பான் என்று பயந்து, பதவிக்கு வந்த வேகத்தில் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொன்னார். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மனுஷனுக்கு மைக்கைப் பார்த்தால் சும்மா இருக்க முடியாது. "என் கூடப்பிறந்த அக்கா இன்னும் கூரை வீட்டில்தான் இருக்கிறாள்!" என்று தஞ்சாவூர்க் கூட்டத்தில் முழங்கினார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. யாரோ அதை அக்காவுக்குச் செல்போனில் போட்டுக் காட்டினார்கள்.

அன்றோடு பேச்சு நின்றது. பொங்கலுக்குப் பொங்கல் ஜெயபால் யாராவது கட்சிக்காரர் மூலம் சீர் கொடுத்தனுப்புவான். கூடப்பிறந்தவன் கொண்டுவர வேண்டிய சீரை ஊரான் கையில் வாங்குவதாவது என்று வந்த தாம்பாளத்தை வந்தபடியே திருப்பி அனுப்பினாள். அதனால்தான் இந்தத் தடவை புடவை, பழம், வெற்றிலை பாக்கு வைத்த பையை ஜெயபாலிடம்கூடக் கொடுக்காமல் தன் மடியிலேயே வைத்திருந்தார்.

ஊர் எல்லையில் ஒன்றியச் செயலாளர் குஞ்சிதபாதம் காரில் ஏறிக்கொண்டார்.

"அக்கா வீடு என்னாச்சு?" என்றார் அமைச்சர்.

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சுங்கய்யா."

என்ன ஏற்பாடு என்று அவர் கேட்கவில்லை. பதவிக்கு வந்த பிறகு கேட்காமலிருக்கப் பழகிக்கொண்ட கேள்விகள் நிறைய. கட்சிக்காரர்களே சேர்ந்து கட்டிக் கொடுத்திருப்பார்கள் என்று தானாகவே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டார். அந்தப் பதில் அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது.

ரோட்டின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு. வாய்க்கால் கரையில் அக்கா வீட்டுத் தென்னைமரம் தெரிந்தது. அதன் கீழே குடிசையைக் காணோம். அங்கே அவரே நின்றிருந்தார். இரண்டு ஆள் உயரத்துக்கு, கும்பிட்ட கையோடு, தலைக்குச் சாயம் பூசிய பிளக்ஸ் பேனர். அப்பாடா, குடிசை போய்விட்டது என்று அமைச்சர் மூச்சு விட்டார்.

விழா தொடங்கியது. ஒரு புது வீட்டில் அவரே அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்ச்சினார். வீட்டுக்கார அம்மாள் ஆசையாக முதல் டம்ளரை நீட்டினாள். சர்க்கரை வியாதி என்பதால் ஜெயபால் அதை நடுவிலேயே வாங்கிக்கொண்டான். எத்தனையோ வீட்டில் பால் காய்ச்சியிருக்கிறார், ஒரு வீட்டிலும் குடித்ததில்லை.

மேடையேறி, "இந்த ஊரில் இனிக் குடிசை என்ற பேச்சுக்கே இடமில்லை" என்றார். கைதட்டினார்கள். நிமிர்ந்து பார்த்தார். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் அந்தப் பேனர். அதன் மேல் விளிம்பில், அவருடைய நெற்றிக்குச் சற்று மேலே, மெல்லப் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

பேச்சு நின்றுபோனது. காற்று திரும்பியபோது நெத்திலிக் கருவாடு கொதிக்கிற வாசனை மேடைவரைக்கும் வந்தது. ஜெயபால் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"அங்க என்னய்யா புகை?" என்று குஞ்சிதபாதத்திடம் குனிந்து கேட்டார்.

"யாரோ குப்பை கொளுத்துறாங்கய்யா."

"குப்பையில கருவாடு வேவுதா?"

குஞ்சிதபாதம் தலையைச் சொறிந்தார். அமைச்சர் நன்றி வணக்கம் என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டுப் படியிறங்கினார். பையை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி நடந்தார். குஞ்சிதபாதம் பின்னாலேயே ஓடிவந்தார்.

"கேமராக்காரங்கல்லாம் நிக்கிறாங்கய்யா. அந்தப் பக்கம் வேணாங்க. மந்திரி ஊர்லயே குடிசைன்னு பேப்பர்ல வந்தா நமக்குத்தாங்களே அசிங்கம்!"

பேனரைத் தாங்கி நின்ற சவுக்குக் கம்புகளில் ஒன்று அக்கா வாசலின் குறுக்கே போயிருந்தது. அமைச்சர் குனிந்துதான் உள்ளே நுழைய முடிந்தது. நடுப்பகலில் வீடு இருட்டாக இருந்தது. வெளிச்சம், காற்று இரண்டையும் அவர் முகம் மறித்துக்கொண்டு நின்றது. அடுப்படியிலிருந்து தங்கம்மாள் எழுந்தாள். வாசலில் குஞ்சிதபாதத்தின் தலை தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க" என்றாள், யாரோ அதிகாரியைச் சொல்வது போல.

அமைச்சர் சட்டென்று திரும்பினார். குஞ்சிதபாதத்தைப் பார்த்த பார்வையில் அந்தத் தலை மறைந்தது.

"நிக்கிறியே, உக்காரு" என்றாள் அக்கா பிறகு. "வேர்க்குது பாரு."

"ஏன்க்கா இதக் கட்ட விட்ட? காத்து இல்ல, வெளிச்சம் இல்ல."

"ஒரு நாளைக்குத்தானே. குஞ்சிதபாதம் வந்து கெஞ்சுனான். சரி, கட்டிக்க, கூட்டம் முடிஞ்சதும் பேனர எங்கிட்டயே குடுத்துடணும்னு சொல்லிட்டேன்."

"ஒனக்கு எதுக்குக்கா பேனரு?"

அவள் மேலே காட்டினாள். கூரையில் அங்கங்கே வானம் தெரிந்தது. "ஐப்பசி வருதுல்ல. போன மழைக்கே மூலையில ஒழுவுச்சு. இது கெட்டியா இருக்கு, தாங்கும்."

தமிழ்நாட்டுக்கே வீடு கொடுக்கிற மனுஷன் அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவமானம் தாங்கவில்லை.

"நான் கட்டித் தரேன்க்கா. என் சொந்தப் பணத்துல."

"இப்பக் கட்டுனா அன்னிக்கி வாங்குன கைதட்ட என்னடா பண்ணுவ? திருப்பிக் குடுத்துருவியா?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. உலை கொதித்ததா என்று கேட்பது போலத்தான் கேட்டாள். "பேர எடுத்தது பெரிசில்லடா. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, தம்பிக்குக் கெட்ட பேரு வேணாம், எடுத்துடுன்னு நானே சொல்லியிருப்பேன். ஊருக்கெல்லாம் மைக்ல சொன்ன. எங்கிட்டதான் சொல்லல."

சட்டசபையில் ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொல்கிறவர் பையை நீட்டினார். அவள் புடவையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு தட்டைக் கழுவிச் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள்.

"பொடவைய நீதான் எடுத்தியா, ஆள வுட்டு எடுத்தியா?"

"நானேதான்க்கா."

"அதான் கலரு இப்படி இருக்கு" என்று சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அமைச்சர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். உறைப்பில் கண் கலங்கியது என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

"ஐயா" என்று வெளியிலிருந்து ஜெயபால் குரல் கொடுத்தான். "முத்துப்பேட்டையில கலெக்டர் வந்து காத்துக்கிட்டிருக்காருங்க."

இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கூப்பிட்டால் எழுந்துவிடுகிற கால், சோறு பாதி இருக்கும்போதே எழுந்துவிட்டது.

"போ போ" என்று அவளே செம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையில் ஊற்றினாள். "வந்தியே, அதுவே போதும்."

வாசலில் கம்புக்குக் கீழே குனிந்தவர் திரும்பினார். "அக்கா, அந்தப் பேனர மூஞ்சி தெரியாம கட்டச் சொல்லு. ஊர்ல சிரிப்பாங்க."

"ஊருக்கு எதுக்குடா தெரியணும்? கூரைக்கு அடியில, மூஞ்சி கீழ பாத்தாப்ல இழுத்துக் கட்டச் சொல்லியிருக்கேன். படுத்தா நேரா தெரியும். ஒன்ன நான் வேற எப்பப் பாக்குறது?"

அவர் குனிந்து வெளியே வந்தார். காரில் ஏறினார். பை இல்லாத மடி காலியாகக் கிடந்தது. ஜெயபால் முத்துப்பேட்டையில் பேச வேண்டியதைப் படித்துக் காட்ட ஆரம்பித்தான். அமைச்சர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். குஞ்சிதபாதத்தின் ஆட்கள் கயிற்றை அவிழ்த்துப் பேனரை மடித்து வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். மழைக்காலம் முழுக்க அந்த முகம் அக்காவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கும். அதற்குக் கொடுத்துவைத்திருந்தது. அவர் முத்துப்பேட்டைக்குப் போக வேண்டியிருந்தது.