டெல்மரின் மரமட்டை

‘வயதாவதைக் கொண்டாடுவோம்!’ என்று நகர விளையாட்டு அலுவலகத்துச் சுவரில் பெரிய படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதில் தலை நரைத்த கிழவர் ஒருவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் டெல்மர் ஸாவ்சுக்குக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுபது தாண்டியவனுக்கு ஏது இத்தனை பல்? ஒழுங்காக ஐஸ் ஹாக்கி ஆடியவனாக இருந்தால் முன்பல் இரண்டாவது போயிருக்க வேண்டாமா? டெல்மருக்கு அது பத்தொன்பது வயதிலேயே போய்விட்டது. பொய்ப்பல்லை அரங்குக்குள் நுழைந்ததும் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.

அந்த அலுவலகத்துப் பெண் ஆஷ்லின்தான் அவரைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். கிழவர்களிடம் பேசுவதற்கென்றே ஒரு குரல் வைத்திருந்தாள் அவள். பால்குடி மறக்காத பிள்ளைக்குச் சோறூட்டுகிற குரல்.

“என்ன டெல்மர், மாத்திரையெல்லாம் போட்டாச்சா? அடுத்த செவ்வாய்க்கிழமை உங்களுக்கு எழுபத்தஞ்சு பொறக்குதாமே! இந்த வயசுலயும் வாரா வாரம் கோல் போடுறீங்கன்னு ஊரே சொல்லுது. நீங்க ஒரு கோல் போடுறதைப் படம் பிடிச்சு ஊரோட இணையப் பக்கத்துல போடப் போறோம். கேக்கும் உண்டு!”

“எனக்குக் கேக் ஆகாது. சர்க்கரை.”

“சர்க்கரை போடாத கேக்!”

சர்க்கரை போடாத கேக்கைத் தின்பதற்கு ஸ்பாஞ்சைத் தின்னலாம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் படம் பிடிக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அங்கேதான் ஆசாமி மாட்டிக்கொண்டார். ஊரில் இருக்கிற மற்ற கிழவர்களை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. குளிர் வந்ததும் அரிசோனாவுக்கு ஓடிப்போய் அரைக்கால் சட்டையோடு திரிகிற கும்பல் ஒன்று. நீச்சல் குளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பாட்டுக்குக் கையை ஆட்டுகிற கும்பல் ஒன்று. கடைவீதிக் கட்டடத்துக்குள் காலையில் மூன்று சுற்று நடந்துவிட்டு, அதற்குக் கூலியாக டோனட் இரண்டு தின்கிற கும்பல் ஒன்று. இவர்களெல்லாம் உயிரோடு இருப்பதையே ஒரு சாதனை என்று நினைக்கிறார்கள் என்பார் டெல்மர். தான் மட்டும் இன்னும் ஆட்டக்காரன். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை காலை, கின்வுட் அரங்கில் ஒரு கோலாவது போடாமல் அவர் வீடு திரும்பியதில்லை. அந்தப் பெருமை ஊரெல்லாம் தெரியட்டுமே!

செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு நிரந்தர அணி கிடையாது. எல்லாரும் தங்கள் மட்டையைத் தளத்தின் நடுவில் குவித்துப் போடுவார்கள். ஒருவன் கம்பளித் தொப்பியைக் கண்ணுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, மண்டியிட்டு, கைக்கு வந்த மட்டையை எடுத்து ஒன்றை இந்தப் பக்கமும் ஒன்றை அந்தப் பக்கமும் வீசுவான். உன் மட்டை எந்தப் பக்கம் விழுந்ததோ அதுதான் இன்றைக்கு உன் அணி. நண்பன், பகைவன், கெட்டிக்காரன், மக்கு என்ற பேதமே கிடையாது. கோல் காக்கிற இரண்டு பேர் மட்டும் அவரவர் பக்கத்தில் நின்றுகொள்வார்கள். ஒரு பக்கம் டெல்மரின் மச்சான் கார்னெட். டெல்மரின் மனைவி ஐரீனின் தம்பி. மறு பக்கம் பெர்னிஸ். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், கூட்டத்தில் ஒரே பெண், வாயில் நல்ல வார்த்தை வராது.

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மட்டை வீசுகிற வேலை லாய்டுடையது. பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு வருடமாக டெல்மரின் மட்டை பெர்னிஸ் பக்கமே விழுந்துகொண்டிருந்தது. அதாவது அவர் எப்போதும் கார்னெட்டைப் பார்த்தே அடித்துக்கொண்டிருந்தார். அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாடு நிறையக் கறந்தால் யார் போய்க் காரணம் கேட்கிறார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது எல்லாரும் கார்பன் மட்டைக்கு மாறிவிட்டார்கள். வைக்கோல் மாதிரி எடையே இருக்காது. டெல்மரிடம் மட்டும் மரமட்டை. ஊர்க் கடையை மூடியபோது ஒரு கட்டாக வாங்கி வந்து கொட்டகையில் போட்டிருந்தார். “மரம்னா மரம்தான். உங்க கையில இருக்கிறது ஒட்டடைக் குச்சி” என்று மற்றவர்களைக் கேலி செய்வதில் அவருக்கு ஒரு சுகம்.

பிறந்தநாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும்போது அந்த மரமட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டது. மூலையில் யாரோ விட்டுப்போன கார்பன் மட்டை ஒன்று கிடந்தது. முணுமுணுத்துக்கொண்டே அதை எடுத்துக் குவியலில் போட்டார். லாய்ட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மண்டியிட்டான். அன்றைக்கு அவன் கை குவியலுக்குள் துழாவித் துழாவி நின்றது.

“என்னய்யா, கோழி முட்டை பொறுக்குறியா? எடுத்து வீசு!” என்று கத்தினார் டெல்மர்.

வீசினான். டெல்மரின் மட்டை கார்னெட் பக்கம் போய் விழுந்தது.

அன்றைக்கு பெர்னிஸ் அவரைப் பிழிந்து காயப்போட்டாள். தாழ அடித்தால் கால், உயர அடித்தால் கை. ஒரு தடவை நன்றாகச் சுழன்று வந்து அடித்த பந்துக்குப் பதிலான ரப்பர் வில்லையை நின்ற இடத்தைவிட்டு அசையாமல் கைக்குள் வாங்கிக்கொண்டு, “இதுக்கா இவ்ளோ தூரம் மூச்சிரைக்க ஓடி வந்த?” என்று கேட்டாள். கோல் விழவில்லை. ஒன்றுகூட.

உடை மாற்றுகிற அறையில் எல்லார் கையிலும் பீர் டப்பா. லாய்ட் காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, வாய் தவறி, “யோவ் பெருசு, மட்டையை மாத்துனா ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? கண்ணு மூடியிருக்கிறவன் எப்படிக் கண்டுபிடிப்பேன்?” என்றான்.

ஒருத்தனும் தலை நிமிரவில்லை. எல்லாருக்கும் திடீரென்று காலணிக் கயிறு முக்கியமாகிவிட்டது.

“எதைக் கண்டுபிடிக்கணும்?” என்றார் டெல்மர்.

பெர்னிஸ் அப்போதுதான் அடுத்த அறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். “நான் சொல்லட்டுமா? உன் மட்டை கனமா இருக்கும். கையில பட்டதுமே தெரிஞ்சுடும். தெரிஞ்சதும் என் பக்கம் வீசுவான். ஏன்னா எதிர்ப்பக்கம் உன் மச்சான் நிப்பான். நீ வந்தா அவன் மூட்டை மாதிரி சாய்ஞ்சு விழுவான். நீ கோல் போட்டுட்டு ரெண்டு கையையும் தூக்குவ. என்னையும் விழச் சொன்னாங்க. முடியாது போங்கடான்னுட்டேன்.”

டெல்மர் கார்னெட்டைப் பார்த்தார். அறுபத்தெட்டு வயது தடியன், திருட்டுப் பூனை போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான்.

“எத்தனை நாளா, மச்சான்?”

“ரெண்டு வருஷமா. என்னைக் குத்தம் சொல்லாத. உன் பொண்டாட்டியைப் போய்க் கேளு.”

வீட்டில் ஐரீன், உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகியை வேகவைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வருடமாக அவர் முகத்தைப் பார்த்து அவர் கதையைப் படிக்கிறவள். கரண்டியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

“ஆமா, நான்தான் சொன்னேன். அந்தக் குளிர்காலம் பூரா உனக்கு ஒரு கோல் விழல. இனிமே போக மாட்டேன்னு வீட்டுலயே உக்காந்துட்ட. உக்காந்தவன் சும்மா உக்காந்தியா? என் மசாலா டப்பாவையெல்லாம் எழுத்து வரிசைப்படி அடுக்குன. பாத்திரம் எப்படித் தேய்க்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்த. நான் தொலைபேசில பேசினா பக்கத்துல வந்து நின்ன. இன்னும் ஒரு மாசம் நீ வீட்டுல இருந்திருந்தா நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்திருப்பேன். அதான் தம்பிகிட்ட சொன்னேன், ‘அவனை எப்படியாவது அரங்குக்கு வர வைடா’ன்னு.”

“என்னைக் கோமாளி ஆக்கிட்டீங்க.”

“கோமாளின்னு தெரியாத வரைக்கும் சந்தோஷமாத்தானே இருந்த? சாப்பிடு.”

அவர் சாப்பிடவில்லை. பிடித்த உணவு, வெண்ணெயில் வெங்காயம் வதக்கி மேலே போட்டிருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டுக் கொட்டகைக்குப் போய், மீதியிருந்த மரமட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சைக்கிள் ஓட்டுகிற அந்தப் பல்லுக்காரனை எத்தனை நாள் திட்டியிருப்பார்! அவனாவது சொந்தக் காலால் மிதிக்கிறான். தண்ணீரில் கையாட்டுகிறவர்களுக்குக்கூட யாரும் தண்ணீரை ஒதுக்கிக் கொடுக்கவில்லை. ஊரில் உள்ள கிழவர்களிலேயே பிறர் ஊட்டிவிடச் சாப்பிட்டவர் இவர் ஒருவர்தான்.

அந்த வாரம் முழுவதும் பெரோகி பக்கமே போகவில்லை. ரொட்டியும் காபியும்தான். இனி அரங்குக்குள் கால் வைப்பதில்லை என்று காலையில் முடிவெடுப்பார். சாயங்காலத்துக்குள் அந்த முடிவு ஊசிப்போய்விடும். போகாமல் இருந்தால் அவர் ஆட்டக்காரன் இல்லை. போய் அந்தப் பொய்க் கோலைப் போட்டாலும் ஆட்டக்காரன் இல்லை. கடைசியில் பக்கத்து ஊர்க் கடைக்குப் போய், விலையைப் பார்த்து வாய்விட்டுத் திட்டி, கறுப்புக் கார்பன் மட்டை ஒன்று வாங்கினார். எல்லாரும் சுற்றுகிற மாதிரியே கறுப்பு நாடாவைச் சுற்றினார். இப்போது அது மற்ற ஒட்டடைக் குச்சிகளில் ஒன்று.

பிறந்தநாளன்று ஆஷ்லின் பலூனோடு வந்திருந்தாள். கேக்கின் மேல் ‘75 வயது இளைஞர்!’ என்று எழுதியிருந்தது. கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றாள். லாய்ட் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு குவியலைத் தடவினான், தடவினான், ஒன்றும் அகப்படவில்லை. பிறகு நிஜமாகவே குருட்டாம்போக்கில் வீசினான்.

டெல்மரின் மட்டை பெர்னிஸ் பக்கமே விழுந்தது. விதிக்கும் ஒரு குறும்பு உண்டு. எதிரே கார்னெட்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வில்லை டெல்மரிடம் வந்தது. தனியாக வந்தார். தடுக்க வேண்டியவர்கள் மூச்சு வாங்குவதுபோல் பாவனை செய்துகொண்டு ஒதுங்கினார்கள். கார்னெட் அவர் அடிப்பதற்கு முன்னாலேயே இடப்பக்கம் சாய்ந்து விழுந்தான். வலப்பக்கம் கொட்டகைக் கதவு மாதிரி திறந்து கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஆஷ்லின், “போடுங்க, போடுங்க!” என்று குதித்தாள்.

டெல்மர் நின்றார். திறந்த பக்கத்தைப் பார்த்தார். அப்புறம் விழுந்து கிடக்கிறவனின் வயிற்றைக் குறிவைத்து அடித்தார்.

“ஐயோ! என்னய்யா பண்ற?”

“எழுந்திருடா.”

அடுத்த தடவையும் கார்னெட் சாய்ந்தான். அடுத்த தடவையும் வில்லை அவன் வயிற்றில்தான் போய் விழுந்தது.

“கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு? அந்தப் பொண்ணு படம் புடிக்குது மச்சான்! போட்டுத் தொலையேன்!”

“புடிக்கட்டும். நீ விழுந்து கிடக்கிறதைப் புடிக்கட்டும்.” டெல்மர் பல் இல்லாத வாயோடு குனிந்தார். “உங்கப்பன் உன்னை ஏன் கோல்ல நிறுத்துனான் தெரியுமா? நேரா நிக்கத் தெரியாதவனுக்கு வலையாவது புடிச்சுக்கக் கிடைக்கும்னுதான். பெரிய மனுஷன், சரியாத்தான் செஞ்சிருக்கான்.”

கார்னெட்டுக்கு அப்பனை இழுத்தால் பொறுக்காது. முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. எழுந்தான். முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டான். இரண்டு கம்பத்தையும் மட்டையால் ஓங்கித் தட்டினான்.

“வாடா கிழவா. வந்து பாரு.”

அதற்குப் பிறகுதான் ஆட்டம் நடந்தது. ஒதுங்கி நின்றவர்களும் ரோஷம் வந்து குறுக்கே விழுந்தார்கள். ஒருத்தன் டெல்மரை ஓரச்சுவரோடு சேர்த்து அமுக்கினான். முழங்கால் எரிந்தது, நெஞ்சு துருத்தி போல் அடித்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில், பெர்னிஸ் தட்டிவிட்ட வில்லை நடுத்தளத்தில் அவர் மட்டையில் வந்து ஒட்டியது. ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் யாரும் இளைஞர் என்று சொல்ல மாட்டார்கள். கிழவன் ஓடுகிற ஓட்டம்தான், ஆனால் அவருடைய சொந்த ஓட்டம். வலப்பக்கம் போவதுபோல் காட்டி இடப்பக்கம் இழுத்து, மேல் மூலைக்கு அடித்தார். இரண்டு வருடத்தில், ஏன், பத்து வருடத்தில் அப்படி ஒரு அடி அவர் அடித்ததில்லை. கையைவிட்டுப் போனதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

கார்னெட் அறுபத்தெட்டு வயது உடம்பை எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு பாய்ந்தான். கையுறை மேலே போனது. வில்லை அதற்குள் போய்ப் படீரென்று அறைந்தது.

அரங்கே கத்தியது. பெர்னிஸ் அந்தக் கோடியிலிருந்து மட்டையால் பனியை அடித்தாள். கார்னெட் மல்லாந்து கிடந்தபடியே கையுறையைத் தூக்கிக் காட்டி, “எடுத்துட்டுப் போடா கிழட்டு நாயே! போ, வீட்டுக்குப் போ!” என்று அலறினான். அவன் கண்ணில் தண்ணீர்.

டெல்மர் மூச்சிரைக்க அவன் பக்கத்தில் போய், அவன் கால்கவசத்தில் பாராட்டாக மட்டையால் இரண்டு தட்டு தட்டினார். “இனிமே ஒரு தடவை எனக்கு வழி விட்ட, மண்டையைப் பொளந்துடுவேன்” என்றார்.

ஆஷ்லினின் முகம் தொங்கிப்போயிருந்தது. “அச்சச்சோ, கோலே விழலியே! இன்னொரு தடவை செய்யலாமா டெல்மர்? இவர் கொஞ்சம் நகர்ந்துகிட்டா…”

“நகர மாட்டான்” என்றார் டெல்மர். அதைச் சொல்லும்போது அவருக்கு இருந்த கர்வத்தைப் பார்க்க வேண்டுமே! கேக்கை லாய்ட் தின்றான். அவனுக்கும் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஐரீன் வாசலிலேயே நின்றிருந்தாள். ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தவள்.

“கோல் போட்டியா?”

“இல்ல.”

அவள் மசாலா அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“மேல் மூலைக்கு அடிச்சேன், ஐரீன். உன் தம்பி புடிச்சுட்டான்” என்று சொல்லிக்கொண்டே டெல்மர் மேசை முன் உட்கார்ந்து, தட்டைத் தன் பக்கம் இழுத்தார். “பெரோகி இருக்கா?”