கல்லோடு வந்த கடுதாசி

மருந்து நிறுக்கும் தராசில் கல்லை நிறுக்க வேண்டிய காலமும் எனக்கு வந்து சேர்ந்தது. காலையிலிருந்து தேயிலைத் தோட்டத்தின் ஐந்து லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்களுக்கும் காய்ச்சல் மருந்து ஊற்றிக் கொடுத்துக் கை ஓய்ந்துபோயிருந்த நேரம். டிஸ்பென்சரிக் கதவைச் சாத்தலாம் என்று எழுந்தபோது சோலைமலை வந்து நின்றான். பின்னால் அவன் பெண்சாதி நாகலெட்சுமி. இருவருக்கும் காய்ச்சல் இல்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. காய்ச்சல்காரர்கள் வாசலில் இவ்வளவு நேரம் தயங்க மாட்டார்கள்.

மடியிலிருந்து ஒரு பொட்டலத்தையும் மடித்த தாள் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தான். பொட்டலத்துக்குள் ஒரு நீலக்கல், புளியங்கொட்டையில் பாதி அளவு. தாள் கொழும்பில் ஏதோ ஒரு பரிசோதனைக்கூடம் கொடுத்த சான்றிதழ், ஆங்கிலத்தில், சிவப்பு முத்திரையோடு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

விஷயம் இதுதான். இன்னும் இரண்டு மாதத்தில் அவர்களை இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள், தலைமன்னாரில் கப்பலேற வேண்டும். துறைமுகச் சோதனையில் கழுத்து நகையைக் கழற்றி வைத்துக்கொள்வார்கள், விரலில் கிடக்கும் மோதிரத்தை ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று லயமெல்லாம் பேச்சு. நல்லதண்ணியில் மலை யாத்திரைச் சீசனுக்குக் கடை போடும் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு நோர்வூட் பஸ்ஸில் வந்திருந்தார். நாகலெட்சுமியின் நாலு பவுன் அட்டியலைக் கொடுத்தால் கல் வைத்த மோதிரம் தருவதாகப் பேச்சு. மோதிரம் தயார், கல்லைப் பதித்து இறுக்குவதுதான் பாக்கி. மனிதர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பொறுமையாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அந்த அட்டியலைத் தவிர அவர்கள் அக்கரைக்குக் கொண்டுபோக ஒன்றும் கிடையாது.

தாளை இரண்டு முறை படித்தேன். இயற்கையான நீலக்கல், எடை மூன்று புள்ளி இரண்டு நாலு காரட், இலக்கம், தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. தாளில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அது எந்தக் கல்லுக்குக் கொடுத்த தாள் என்று தாளைக் கேட்டால் அது சொல்லுமா? நானறிய அதில் கல்லோடு ஒத்துப் பார்க்கக்கூடியது எடை ஒன்றுதான். தங்கத்தில் பதித்துவிட்டால் அதுவும் போய்விடும், கல்லை மட்டும் தனியாக நிறுக்க முடியாது. மருந்துப் புத்தகத்தைப் பார்த்துக் காரட்டை மருந்து எடையான கிரெயினுக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். பத்து கிரெயின் வர வேண்டும்.

ஒரு தட்டில் கல்லை வைத்து மறு தட்டில் பத்து கிரெயினுக்குப் படிக்கற்களைப் போட்டேன். படித்தட்டு கீழே போய் உட்கார்ந்தது. ஒவ்வொன்றாக எடுத்தேன். எட்டில்தான் முள் நேராக நின்றது. தட்டுகளைத் துடைத்துவிட்டு மூன்று தரம் நிறுத்தேன், மூன்று தரமும் எட்டுத்தான். பச்சைப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலுக்கான கொய்னா நிறுக்கிற தராசு அது. இரண்டு கிரெயின் பிசகினால் நான் என்றைக்கோ ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

"இந்தக் கடுதாசி இந்தக் கல்லோடதில்ல, சோலைமலை. வேற எந்தக் கல்லுக்கோ குடுத்தது" என்றேன்.

அவன் திடுக்கிடவில்லை. குனிந்து தராசின் முள்ளைப் பார்த்தான்.

"அன்னைக்கும் நீங்கதாங்கய்யா பொஸ்தகத்தக் கொண்டாந்து காட்டுனீங்க" என்றான். "ரெண்டு கடுதாசியும் ஒத்துப்போகல, நான் வேற ஆளுன்னு எழுதிட்டாங்க. நான் இந்தத் தோட்டத்துல பொறந்தவன்தானுங்களே. அதே மாதிரி இந்தக் கல்லையும் தள்ளிவிடச் சொல்றீங்களா?"

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய பிரஜாவுரிமை விசாரணைக்கு டிஸ்பென்சரியின் பிறப்புப் பதிவேட்டைச் சுமந்துகொண்டு போனவன் நான்தான். தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பதிவான செக்ரோலில் அவன் பிறந்தது ஒரு வருஷம், என் பதிவேட்டில் அதற்கு மூன்று வருஷம் பிந்திய ஒரு வருஷம். உங்கள் பதிவேடு பிசகுமா என்று அதிகாரி கேட்டார். பிசகாது என்றேன், அவன் மனு தள்ளுபடியாயிற்று. எனக்கு முன்னால் இருந்தவர் எப்போது, யார் சொல்லி எழுதினார் என்று எனக்கே தெரியாது. உத்தியோகத்தின் மேல் இருந்த பயம் அப்படிச் சொல்ல வைத்தது. அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நாகலெட்சுமி முன்னால் வந்தாள்.

"கடுதாசி கெடக்கட்டுங்கய்யா. கல்லு அசலா இல்லையா, அதச் சொல்லுங்க."

கல்லைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கழுதைக்குக் கற்பூர வாசனை தெரிந்த அளவுதான். தெரியாது என்று சொல்ல அன்றைக்குத்தான் துணிவில்லை, இன்றைக்காவது சொல்லலாம் என்று தோன்றியது.

"தெரியாதும்மா. அசலாவும் இருக்கலாம், வெறுங்கண்ணாடியாவும் இருக்கலாம். இந்தக் கடுதாசி இல்லாம இத ஒருத்தர் கொண்டாந்திருந்தா அட்டியலக் கழட்டுவியா? அத மட்டும் யோசிச்சுப் பாரு."

சோலைமலை கல்லைத் தட்டிலிருந்து எடுத்துப் பொட்டலத்தில் வைத்து மடித்தான். படித்தட்டு டக்கென்று மேசையில் விழுந்தது. போகும்போது தாளையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். வருகிறோம் என்று இருவரும் சொன்னார்கள், அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலையிலிருந்து மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. பெஞ்சுக்காரர் எழுந்து, தாளை வாங்கி அதன் முத்திரையைத் தொட்டுத் தொட்டு ஏதோ சொன்னார். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை, அவரையும் யாராவது இதே தாளைக் காட்டி நம்பவைத்திருக்கலாம். சோலைமலை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். பிறகு பெண்சாதியின் பக்கம் திரும்பினான்.

நாகலெட்சுமி இரண்டு கைகளையும் பிடரிக்குக் கொண்டுபோனாள். அட்டியலின் கொக்கியில் விரல்கள் பட்டதும் கைகள் அங்கேயே நின்றன. அவள் கல்லைப் பார்க்கவில்லை, புருஷனையும் பார்க்கவில்லை. ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.