ஆபீசருக்கு எடுத்துவைத்த தண்ணீர்

முழங்கை வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, வயிறு மேலாக மிதந்த தங்கமீனை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்திருந்தான் மகன். பிடித்தால் வாயைத் திறந்து மூடியது, விட்டால் மறுபடி புரண்டது. கூடத்தில் அப்பா படுத்திருந்தார். விடிகாலை ஐந்தரைக்கு மூச்சு நின்றிருந்தது. இப்போது மணி ஒன்றரை. மூன்று மணிக்கு எடுத்துப்போக வண்டி வரும்.

"எல்லாரும் வந்துட்டிருக்காங்க. நீ இங்க மீனைப் பிடிச்சிட்டு நிக்கற," என்றாள் அக்கா, அறை வாசலில் நின்று.

"இதோ வந்துட்டேன்க்கா."

"ஒம்போது மணிக்கும் இதையேதான் சொன்ன. சட்டையையாவது மாத்து."

அவள் சொல்வது நியாயம்தான். ஆனால் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டான், சான்றிதழ் வாங்கினான், கூடத்து நாற்காலிகளை மூன்று தரம் இடம் மாற்றினான், அதில் ஒரு தரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பிவிட்டு மாற்றினான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கையில் ஒரு வேலை இருந்தால்தான் அவனுக்குத் தலை ஓடும். அப்பாவிடம் பழுது பார்க்க இனி ஒன்றும் இல்லை. மீனிடம் இருந்தது.

மீனுக்கு ஆபீசர் என்று பெயர். தொப்பையைத் தள்ளிக்கொண்டு வரும், ஆளை ஏற இறங்கப் பார்க்கும், பிறகு மதிக்காமல் திரும்பிக்கொள்ளும். முப்பத்தோரு வருடம் குடிநீர் நிலையத்தில் தண்ணீர் சோதித்த அப்பா, தன் மேலதிகாரிகளைப் பழிவாங்க வைத்த பெயர் அது என்று அம்மா சொல்வாள்.

மூன்று வாரத்துக்கு முன் அப்பா படுத்ததும் தொட்டி மகன் கைக்கு வந்தது. ஊருக்கே தண்ணீர் பார்த்தவருடைய தொட்டி அழுக்காக இருக்கலாமா என்று அவனுக்கு ரோஷம். முழுத் தண்ணீரையும் கொட்டினான். கூழாங்கற்களைத் தேய்த்தான். வடிகட்டியின் பஞ்சை வெந்நீரில் அலசிப் பிழிந்தான். குழாயைத் திறந்து நிரப்பினான். தொட்டி பளபளத்தது. நான்காம் நாள் தண்ணீர் கலங்கியது. விட்டானா? மறுபடி எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்தான். போதாததற்குக் காலையில் அவன் தீனி போட்டான், மத்தியானம் அம்மா போட்டாள், சாயங்காலம் வந்துபோகிற அக்காவும் போட்டாள். பாவம், யாருமே கவனிப்பதில்லையே என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள். ஒரு வாரமாக ஆபீசர் தலைகீழாகத்தான் இருந்தார்.

தினமும் சாயங்காலம் அப்பாவின் முகத்தை ஈரத்துணியால் துடைக்கும்போது அவர் கேட்பார். "ஆபீசர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார்ப்பா."

நேற்றும் அதையே சொன்னான். சாகக் கிடந்தவரிடம் வாய் கூசாமல் சொன்ன பொய் அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மூன்று மணிக்குள் மீன் நேராகிவிட்டால் போதும். அப்பா இந்த வீட்டை விட்டுப் போகும்போது அவன் சொன்னது உண்மையாக இருக்கும். இது பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கும் தெரியும். தெரிந்தும் மீன் கடைக்காரருக்குப் போன் போட்டான்.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "பஞ்சை எதுல கழுவினீங்க?"

"வெந்நீர்ல."

"சார், அந்தப் பஞ்சுலதான் எல்லாமே இருக்கு. கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. மீனோட கழிவை அதுங்கதான் தின்னு தீர்க்கும். நீங்க அதுங்கள வேக வெச்சிட்டீங்க. இப்ப அந்தக் கழிவுலயே மீன் கெடக்குது."

"இப்ப என்ன செய்யறது?"

"மொதல்ல தீனிய நிறுத்துங்க. ரெண்டு மூணு நாள் பட்டினி போடுங்க, வயிறு உப்பினாலும் இப்படித்தான் புரளும். தண்ணில கால்வாசி மட்டும் மாத்துங்க. குழாயிலேர்ந்து நேரா ஊத்தாதீங்க, குளோரின் போக ஒரு நாள் வாளியில நின்ன தண்ணியா இருக்கணும். அதையும் கொஞ்சம் கொஞ்சமா. மொத்தமா ஊத்தினா தாங்காது."

"மூணு மணிக்குள்ள சரியாயிடுமா?"

"மூணு மணிக்கு என்ன சார்?"

"கொஞ்சம் வெளிய போகணும்," என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஒரு நாள் நின்ற தண்ணீருக்கு எங்கே போவது? தொட்டியிலிருந்து கால்வாசியை ரப்பர் குழாயால் இறக்கிவிட்டு வீடு முழுக்கத் தேடினான். சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் தூக்கிப் பார்த்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் அவனையே பார்த்தார்கள். பசிக்கிறது போலிருக்கிறது என்று ஒரு பெண்மணி பிஸ்கட்டை நீட்டினாள்.

கூடத்தில் சித்தப்பா மறுபடி ஆரம்பித்திருந்தார். வந்ததிலிருந்து இது நான்காவது தரம். "கடைசியா ஏதாவது சொன்னாரா அண்ணி? எங்களப் பத்தி, பிள்ளைங்களப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல. தூக்கத்துலயே போயிட்டார்," என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் அழவேயில்லை. அதுவும் அவனை உட்காரவிடவில்லை.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் மூடி போட்ட வாளி ஒன்று இருந்தது. பாதித் தண்ணீர். அந்தப் பக்கம் வந்த அக்காவை நிறுத்தினான்.

"இது எப்பப் பிடிச்சது?"

"தெரியலடா. காலையில நிறைய இருந்துச்சு. அப்பாவத் துடைக்க இதுலேர்ந்துதான் எடுத்தேன். ஏன்?"

"நேத்து காலையில நான்தான் பிடிச்சு வெச்சேன்," என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மீனுக்கு."

அவன் திரும்பினான். அம்மா அக்காவைப் பார்த்து, "சித்தப்பாவுக்கு டீ குடுத்தியா? போய்க் குடு," என்றாள். அக்கா போகும்வரை காத்திருந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாதான் பிடிக்கச் சொன்னார். போன வாரமே கண்டுபிடிச்சிட்டார். நீ முகம் துடைக்க வந்தா கையில குளோரின் வாடை அடிக்குதாம். 'மொத்தத் தண்ணியும் மாத்தறான், மீன் செத்துரும்'னார். நான் சொல்லிடறேன்னேன். வேணாம், பொய் சொன்னது தெரிஞ்சா அவனுக்கு அவமானமா இருக்கும்னார்."

"தெரிஞ்சுமா தினம் கேட்டார்?"

"கேக்கறத நிறுத்தினா உனக்குச் சந்தேகம் வந்துருமாம்."

அவன் கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தான்.

"இன்னைக்கு விடியக்காலம் முழிப்பு வந்துச்சு அவருக்கு. 'கால்வாசி போதும், அதையும் மெதுவா ஊத்தணும்னு எப்படியாவது அவன் காதுல போடு, பொறுமை இல்லாத பய'ன்னார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் பேசல." அம்மாவின் உதடு கோணியது. "இத எப்படிடா உங்க சித்தப்பாகிட்ட சொல்ல?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் அழுகையானது. குளியலறைக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு, வாயில் துண்டை வைத்து அடக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அம்மா அவன் முதுகில் கை வைத்திருந்தாள்.

வாளியைத் தொட்டியருகே கொண்டுபோனான். ஒரு குவளை ஊற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தான். காத்திருப்பதைவிடக் கஷ்டமான வேலையை அவன் அதுவரை செய்ததில்லை. மூன்றாவது குவளையை ஊற்றும்போது தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. கால் மணி முன்னதாகவே வந்துவிட்டார்கள். மீன் அப்படியேதான் கிடந்தது. அவன் வாளியைத் தூக்கித் தொட்டி விளிம்பில் சாய்க்கப் போனான்.

அம்மா மணிக்கட்டைப் பிடித்தாள். "இப்பத்தானேடா சொன்னேன்."

"வண்டி வந்தாச்சும்மா."

"நீ போ. எனக்கு அங்க நிக்க முட்டி தாங்காது. நான் ஊத்தறேன்."

அவன் சட்டை மாற்றவில்லை. ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு அப்பாவின் தலைமாட்டைப் பிடித்தான். படியில் இறங்கும்போது சித்தப்பா பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்றார். அவன் மெதுவாகத்தான் இறங்கினான்.

வண்டியில் ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்தான். திறந்திருந்த ஜன்னலில் தொட்டியும் அம்மாவும் தெரிந்தார்கள். ஒரு உள்ளங்கையைத் தண்ணீர்மட்டத்தில் விரித்து வைத்து, இன்னொரு கையால் குவளையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் கையில் விழுந்து, விரலிடுக்கு வழியாகத் தொட்டிக்குள் இறங்கியது. முகத்தைத் துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை.