டயலில் ஒரு பூட்டு

"அம்மா, ஒரே ஒரு போன்" என்று அருள்மேரி கேட்டதும் தாயாரம்மாளின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. புடவைக்குள் சாவிக்கொத்து குலுங்கியது.

அருள்மேரிக்கு அந்தச் சத்தம் கேட்டது. கேட்காதவள் மாதிரி காகிதத் துண்டை நீட்டினாள். அதில் விழுப்புரம் கான்ட்ராக்டரின் நம்பர். தம்பி லாசரஸ் அவரிடம்தான் கொத்தனார் வேலைக்குப் போயிருந்தான்.

"அப்பா காலைல ஆறு மணிக்குப் போய்ட்டாரும்மா. நாலு மணிக்கு எடுக்கணும்னு சாமியார் சொல்லிட்டார். அதுக்குள்ள தம்பி வந்து ஒரு புடி மண்ணு போடணும்."

"அடடா, சவுரிமுத்துவா?" தாயாரம்மாள் உச்சுக் கொட்டினாள். "போன் பூட்டி இருக்கேம்மா. சாவிய அவர் எடுத்துகினு வண்டலூர் போய்ட்டாரு."

கூடத்துச் சுவரில் வளைவாக ஒரு மாடம். போன் வரப்போகிறது என்றதும் சவுரிமுத்துவே வந்து சுவரைக் குடைந்து, பூசி, கூலி கேட்காமல் திரும்பிப் போனார். அதில்தான் கறுப்பு போன் உட்கார்ந்திருந்தது. டயலில் சின்னப் பித்தளைப் பூட்டு.

"முந்தாநாள் நாகலக்ஷ்மி டீச்சர் மதுரைக்குப் பேசினாங்களே."

"அவங்க வேறம்மா. அவங்க வீட்டுக்காரர் ஈ.பி.ல இருக்காரு. ஒரு நாள் நமக்கும் அவர் வேணும்ல." தாயாரம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "உனக்குத் தொறந்துவிட்டா நாளைக்குத் தெருவே வந்து நிக்கும்."

சாவி வண்டலூரில் இருக்கும்போது எப்படித் திறப்பது என்று அருள்மேரி கேட்கவில்லை. படியிறங்கினாள். ஞாயிற்றுக்கிழமை, தபாலாபீசும் மூடியிருக்கும்.

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பச்சையம்மா கூடையோடு எதிரே வந்தாள்.

"இன்னாடி, பேசிட்டியா?"

"பூட்டி கீதாம்."

"அவ பூட்டு துருப்புடிச்சுப் போவட்டும்." பச்சையம்மா கூடையை இடுப்புக்கு மாற்றினாள். "ஏழே முக்காலுக்கு விழுப்புரம் வண்டி கீது. கண்டக்டரு தெனம் நம்ம கைலதான் சாமி படத்துக்குப் பூ வாங்கறான். அங்க பஸ் ஸ்டாண்டு டீக்கடைல சொல்லச் சொல்றேன். லீவு நாள்ல கொத்தனாருங்க அங்கதான குந்திகினு இருப்பானுங்க."

"மறந்துட்டான்னா, அக்கா?"

"நாளைக்கு எம்மூஞ்சில முழிக்கணும்ல?"

பச்சையம்மா ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்பாவின் கடைசி நாள் ஒரு கண்டக்டரின் ஞாபகத்தில் தொங்கியது.

பதினோரு மணிக்குக் கோயிலில் துக்க மணி அடித்தார்கள். தச்சர் சேட்டு, பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினார். சவுரிமுத்துவோடு சாரம் ஏறியவர்கள் குழி வெட்டப் போனார்கள். யாரும் கூப்பிடவில்லை, தானாகவே போனார்கள்.

"தம்பி வந்துகினு கீறானாடி?" என்று அம்மா அம்மணி கேட்டாள்.

"வந்துகினே கீறாம்மா."

மூன்றாவது தடவை கேட்டபோது அருள்மேரியால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. புருஷனின் காய்ப்பேறிய உள்ளங்கையை விடாமல் பிடித்திருந்தாள் அம்மணி.

பன்னிரண்டு மணியளவில் வாசலில் பேச்சு சட்டென்று நின்றது.

தாயாரம்மாள் வந்திருந்தாள். இந்தத் தெருக்கோடிக்கு அவள் இதுவரை வந்ததில்லை. மேல்மூச்சு வாங்கிற்று.

"கான்ட்ராக்டர் வீட்டுலேருந்து லாசரஸ் போன் பண்ணான்" என்றாள் அருள்மேரியிடம். "யாரோ கண்டக்டர் டீக்கடைல சொன்னாராம். பஸ் ஏறப்போறேன், மூணரைக்குள்ள வந்துடுவேன், பெட்டிய மூடிடாதீங்கன்னு சொல்லச் சொன்னான்."

அம்மணி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

பச்சையம்மா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள். "வர்ற போனுக்குச் சாவி வோணாம் போலக்கீது."

யாரும் சிரிக்கவில்லை. தாயாரம்மாள் திரும்பிப் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்களுக்கு நடுவே பிணத்தை நோக்கி நடந்தாள். முதல் எட்டிலேயே இடுப்பில் சாவிக்கொத்து கலகலத்தது. நின்றாள். கையை விட்டுக் கொத்தை இறுகப் பற்றிக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

அருள்மேரி பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

தாயாரம்மாள் உட்கார்ந்தாள். மூன்றரை மணிக்கு லாசரஸ் ஓடிவந்து அப்பாவின் காலடியில் விழுந்தபோதும், சாவிக்கொத்தை மூடிய அந்தக் கை அவள் மடியிலேயே இருந்தது.