எர்த்துக் குழிக்கு ஒரு குடம்

என் ஹெட்போனுக்குள் வண்டு புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். காதில் மாட்டினாலே ‘கொர்ர்’ என்று ஒரே இரைச்சல். எனக்கு மட்டும் கேட்டால் பொறுத்துக்கொள்வேன். எதிர்முனையில் பேசுகிறவர்களுக்கும் கேட்டது. ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனிக்கு வரும் புகார்களை எங்கள் ஊர் இண்டூரில் வீட்டிலிருந்தபடியே போனில் கேட்டுப் பதில் சொல்வது என் வேலை. “மேடம், எங்க ஃப்ரிட்ஜைவிட உங்க பக்கம்தான் அதிகமா உறுமுது” என்றார் ஒருவர். மானம் போயிற்று.

பெங்களூர் அலுவலகத்தில் இருக்கும் என் மேலதிகாரி பிரியங்கா, இன்று சாயங்காலத்துக்குள் சத்தம் நிற்காவிட்டால் திங்கட்கிழமை முதல் அங்கே வந்துதான் வேலை பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பட்டுப்புழு வளர்க்கும் மனையை விட்டுவிட்டு என் கணவர் பிரபாகரால் கூட வர முடியாது. தனியாகப் போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை. மாமியார் சின்னம்மாளிடம் சொன்னேன். அவர் புழுவுக்குத் தீனியாகும் மல்பெரி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பிரபாகர் கேபிளைச் சந்தேகப்பட்டு, அது கொஞ்சம் நைந்திருந்த இடத்தில் டேப் சுற்றினார். சத்தம் போகவில்லை. யூஎஸ்பியை வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தேன். பக்கத்துத் தெருச் சிநேகிதியின் புது ஹெட்போனை வாங்கி மாட்டினேன். அதுவும் அதே பாட்டைத்தான் பாடியது. கடைசியில் சார்ஜரைப் பிடுங்கினேன், சத்தம் சட்டென்று நின்றது. ஆனால் என் லேப்டாப்பில் பேட்டரி என்று ஒன்று பேருக்குத்தான் இருக்கிறது. சார்ஜர் இல்லாவிட்டால் சற்று நேரத்தில் படுத்துவிடும்.

மத்தியானம் சேலத்துக்காரர் ஒருவர் கூப்பிட்டு, ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றார். தினமும் சொல்கிற பதிலைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தேன். “எர்த் சரியா இருக்கான்னு பாருங்க சார். எர்த்துக் குழி காஞ்சு போனாலும் இப்படித்தான் இருக்கும்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே, லேப்டாப்பின் உலோக ஓரத்தில் வைத்திருந்த என் மணிக்கட்டு சுர்ரென்றது. ஊருக்கெல்லாம் வைத்தியம் சொல்கிற எனக்கு இது தோன்றவே இல்லை, பாருங்கள். அழைப்பை முடித்துவிட்டுப் புழக்கடைக்கு ஓடினேன்.

கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் எங்கள் எர்த்துக் குழி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. துவைக்கும் தண்ணீர் ஊறி எப்போதும் ஈரமாக இருக்கட்டும் என்றுதான் வீடு கட்டும்போதே அங்கே தோண்டினார்கள். இப்போது அது பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தண்ணீர் முழுவதும் ஒரு புது வாய்க்கால் வழியாக நாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமியாரின் கைவேலை. எங்கள் பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் யாரும் சும்மா விடமாட்டார்கள்.

நாற்றங்காலில் நின்றவரிடம் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“இதுல தண்ணி ஊத்துனா நீ பெங்களூர் போவ வேணாமா?”

“பாக்கணும் அத்த.”

நாற்றுக்கென்று நிறைத்து வைத்திருந்த குடத்தைத் தூக்கிவந்து குழியில் கவிழ்த்தார். அடுத்த குடத்தையும் கவிழ்த்தார். “நாத்து போனா வேற நட்டுக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே மண்வெட்டியால் வாய்க்காலையும் அடைத்துவிட்டார்.

சாயங்காலம் பிரியங்கா கூப்பிட்டாள். என்னைப் பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, புது ஹெட்போன் வாங்கினாயா என்று விசாரித்தாள். இல்லை, குழிக்குத் தண்ணீர் ஊற்றினோம் என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எப்படியோ போகட்டும், சத்தம் துளிகூட இல்லை, அங்கேயே இரு என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

திரும்பினேன். கைகால் கழுவாமல் மாமியார் வாசற்படியில் நின்றிருந்தார். போக வேண்டாமாம் என்றேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எம் மவன் நாளெல்லாம் புழுங்ககிட்டதான் பேசுவான். இந்த வூட்ல எங்கிட்ட பேச நீ ஒருத்திதான் இருக்கற, சசி.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சேறும் சகதியுமாக இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.