ஆடி கழியட்டும்

வேனை மகன் வெற்றிச்செல்வனுக்கே விற்றுவிடுவது என்று சாமிக்கண்ணு சொன்ன ஞாயிற்றுக்கிழமை, முதலியார்பேட்டை வீட்டில் சங்கரா மீன் குழம்பு. அவர் பெரிய சேதி எதையும் வாயில் சோற்றை வைத்துக்கொண்டுதான் சொல்வார். கண் மங்கிவிட்டது, எதிரே வரும் வண்டி தூரத்தில் வருகிறதா கிட்டத்தில் வருகிறதா என்று பிடிபடவில்லை, வேறு எவனுக்கோ கொடுப்பதற்கு நீயே எடுத்துக்கொள், முடிந்ததைக் கொடு என்றார்.

வெற்றிச்செல்வனுக்கு அது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஊருக்கு வெளியே மேட்டுப்பாளையத்தில் அவன் வேலை பார்த்த பிளாஸ்டிக் கம்பெனியில் மிஷின்களைப் பாதிக்குப் பாதி நிறுத்திவிட்டு, கான்ட்ராக்ட் ஆட்களை, கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படிச் சொன்னால் இனிமேல் வராதே என்றுதான் அர்த்தம். அதைப் புரிந்துகொள்ள அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. அவன் மனைவி கலைமகளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வேன் என்றால் மாருதி ஆம்னி. வெள்ளை என்று பதிவு செய்த நிறம், இப்போது சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகியிருந்தது. வேலை பார்த்த துணி மில்லில் கணக்கு முடித்து அனுப்பியபோது வந்த பணத்தில் சாமிக்கண்ணு அதை வாங்கினார். காலையும் மாலையும் ஸ்கூல் பிள்ளைகள். ஞாயிறென்றால் நோணாங்குப்பம் போட் ஹவுசுக்கு டூரிஸ்டுகள். தெருப் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த வேனில்தான் போய் வந்தார்கள். அடுத்த தெருவில் குடியிருந்த வெற்றிச்செல்வனின் மகள் யாழினியும் அதில்தான், தாத்தாவின் பக்கத்து வீட்டு வேம்புவின் பிள்ளைகள் இருவரோடு இடித்துப் பிடித்து உட்கார்ந்து போவாள்.

சாப்பிட்டு முடித்ததும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினான். கதவைத் திறந்தாலே கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி மணத்தது. அம்மா அமுதவல்லி பெரிய மார்க்கெட்டில் பூக்கடை போட்டிருந்தாள். விற்காமல் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து வேனில் தொங்கவிடுவாள். கண்ணாடியில் மல்லி, ஜன்னல் கம்பியில் கதம்பம், பின்சீட்டுக்கு மேலே சம்பங்கிச் சரம். அம்மாவுக்கு அந்த வண்டி மேல் அத்தனை பக்தி என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

நோணாங்குப்பம் வரைக்கும் எந்தக் குறையும் இல்லை. போட் ஹவுஸ் வாசலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தினான். ஒரு டீ குடித்துவிட்டு, படகுக்கு வரிசையில் நிற்பவர்களை வேடிக்கை பார்த்தான். இனி ஞாயிறுதோறும் இங்கே வரப்போகிறோம் என்று மனசுக்குள் ஒரு முதலாளித்தனம்கூட வந்துவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, வெயிலில் வெந்த பூவின் வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. அடுப்படியில் அணைக்க மறந்த ஸ்டவ்விலிருந்து வருமே, அது.

பின்சீட்டைத் தூக்கினான். வீட்டுச் சமையலுக்கு வருகிற சிவப்பு சிலிண்டர் ஒன்று கயிற்றால் கட்டிப் படுக்கவைத்திருந்தது. அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப் கால்மிதிக்கு அடியில் நுழைந்து, முன்சீட்டுக்குக் கீழே இருக்கிற இன்ஜினுக்குப் போயிற்று. பிள்ளைகள் கால் வைக்கும் இடம் அது. தேய்ந்துபோன ஓரிடத்தில் சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்கள். விரலில் எச்சிலைத் தொட்டு அதன் மேல் வைத்தான். எச்சில் குமிழ் விட்டது.

வெற்றிச்செல்வன் பயந்துபோனான். சிலிண்டரை மூடி, கதவுகளையெல்லாம் திறந்துபோட்டு, வாசனை போகும்வரை மரத்தடியில் நின்றான். யாழினி இரண்டு வருஷமாக இந்தச் சிலிண்டருக்கு மேலே உட்கார்ந்து போய் வந்திருக்கிறாள். டாங்கில் கிடந்த கொஞ்சம் பெட்ரோலில் வண்டியை வீடு கொண்டு வந்து சேர்ப்பதற்குள் அவன் சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

சாமிக்கண்ணு பதறவில்லை. ஊரில் ஆம்னி வைத்திருப்பவன் எவன் பெட்ரோலில் ஓட்டுகிறான் என்று கேட்டார். அந்த வருஷம் பெட்ரோல் விலை இரண்டு தடவை ஏறியிருந்தது. பெட்ரோல் போட்டு ஸ்கூல் ட்ரிப் அடித்தால் கையில் மிஞ்சுவது ஸ்டீயரிங்தான் என்றார்.

"கசியுதுப்பா. வண்டி பூரா நாறுது."

"எனக்கு ஒண்ணும் நாறலயே."

"உனக்கு எப்பப்பா நாறியிருக்குது?"

சாமிக்கண்ணு மில்லில் காலம் முழுக்கத் துணி வெளுக்கும் பிரிவில் இருந்தவர். அந்த நெடியிலேயே நின்று நின்று மூக்கு செத்துப்போயிருந்தது. ஊசிப்போன சாம்பாரை ஊற்றினாலும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரித்திருக்கிறது. வெற்றிச்செல்வன்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன்.

அம்மாவுக்கு மூக்கு நன்றாகவே இருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அவள் மறைக்கவில்லை. பிள்ளைகளின் அம்மாக்கள் வேன் நாறுகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்களாம். அதனால்தான் பூ வைத்தாளாம். வைத்த பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள், ஏதோ வைத்தியம் பலித்துவிட்ட நிம்மதியில். நாற்றம் போனால் ஆபத்தும் போயிற்று என்று நினைக்கிறவளிடம் என்ன பேசுவது.

எனக்கு இந்த வண்டி வேண்டாம், நீயும் ஓட்டாதே என்று அப்பாவிடம் சொன்னான். அவர் முகம் சுண்டிவிட்டது. வேண்டாமென்றால் விடு, வில்லியனூர் இராமதாஸ் எப்போதிலிருந்தோ கேட்டுக்கொண்டிருக்கிறான், அந்தப் பக்கத்து ஸ்கூலுக்கு ஓட்டப்போகிறானாம், அவனிடம் தள்ளிவிடுகிறேன் என்றார்.

அன்று சாயங்காலம் வெற்றிச்செல்வன் முடிவை மாற்றிக்கொண்டான். வேனை வாங்குவது, வாங்கிய கையோடு சிலிண்டரைப் பிடுங்கி எறிவது, பெட்ரோலில் ஓட்டி வருவது வரட்டும். கலைமகள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆகாத பொருள வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க" என்றாள். நாம் எடுக்காவிட்டால் அது வேறு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடும் என்று அவன் சொன்னான். அவள் கழுத்துச் செயினைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

அத்தோடு காரியம் முடிந்திருக்கும். அப்பாவும் சரி என்றார். அமுதவல்லிதான் குறுக்கே நின்றாள். ஆடி பிறந்திருந்தது. ஆடியில் புது உறவு கூடாது, புது வண்டி வாசலுக்கு வரக்கூடாது, அதுவும் பெற்றவர்கள் கையிலிருந்து பிள்ளை கைக்கு ஒரு பொருள் இந்த மாதத்தில் போகவே கூடாது என்றாள். பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே என்று கேட்டுப் பார்த்தான். அது இந்த வருஷம் சனிக்கிழமையில் வருகிறது, சனிக்கிழமை எவனாவது இரும்பு வாங்குவானா என்று ஒரேயடியாக அடித்துவிட்டாள்.

"ஆடி கழியட்டும்டா. ஆவணி ஒண்ணாந் தேதி நானே எலுமிச்சம்பழம் வெச்சு எடுத்துக் குடுக்கறேன். நீ நல்லா இருக்கணும்னுதான சொல்றேன்."

அவள் கண் கலங்கியது. கலைமகளும் அத்தை சொல்வது சரிதான் என்றாள். வெற்றிச்செல்வன் விட்டுக்கொடுத்தான். இராமதாஸுக்குத் தருவதில்லை, அதுவரை பெட்ரோலிலேயே ஓட்டுகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கின் லட்சணம் அவனுக்குத் தெரியும். இருந்தாலும் நம்புகிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

மறுநாளே யாழினியை வேனிலிருந்து நிறுத்திவிட்டான். சைக்கிளில் தானே கொண்டுபோய் விட்டான்.

வேம்பு வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். ஏன் தம்பி, தாத்தா வேன் இருக்கும்போது பிள்ளையை வெயிலில் சைக்கிளில் இழுத்துக்கொண்டு போகிறாய் என்று. அவளுக்குச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் தெரு முழுக்கத் தெரியும், எவனாவது போலீசுக்குப் போவான், வண்டியைப் பிடுங்கிக்கொண்டு இந்த வயதில் அப்பாவை ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள்.

"அவளுக்கு வேன்ல போனா வாந்தி வருதுக்கா" என்றான்.

ஐயோ பாவம், போகும்போது வாயில் ஒரு புளிப்பு மிட்டாய் போட்டு அனுப்பு என்று வேம்பு யோசனை சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பிள்ளைகள் இருவரையும் தலை வாரி, பவுடர் போட்டு, வேனில் ஏற்றிவிட்டாள்.

இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அவன் சொல்லிக்கொண்டான். கொஞ்ச நாள் என்று சொல்லிக்கொள்வதைப் போலச் சுகமான காரியம் உலகத்தில் இல்லை. காலையில் தெருமுனையில் சைக்கிளோடு ஒதுங்கி நின்று, வேன் தாண்டும்போது மூச்சை இழுத்துப் பார்ப்பான். சில நாள் பெட்ரோல் புகை வந்தது. சில நாள் மல்லிகை வந்தது. ஒரு நாள் மல்லிகையோடு அதுவும் வந்தது. அன்று ராத்திரி அப்பாவிடம் போய்ச் சத்தம் போட்டான். டியூப் மாற்றிவிட்டேன் என்றார் அவர். பின்சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பழைய டியூப் மேல் புதிதாக ஒரு சுற்று சைக்கிள் ரப்பர் ஏறியிருந்தது. அவன் மறுபடியும் வீட்டுக்குத்தான் போனான். வேம்பு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கதவைத் தட்டவில்லை.

ஆடி நாலாம் வெள்ளி. அமுதவல்லி தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, வண்டிக்குக் கற்பூரம் காட்டத் தட்டோடு வெளியே வந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் காட்டுவாள். அன்று ஆடி வெள்ளி என்பதால் கற்பூரத்தைக் கைநிறைய அள்ளி வைத்திருந்தாள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சாமிக்கண்ணு பைகளை வைப்பதற்காகப் பின்கதவைத் தூக்கிவிட்டிருந்தார். வேம்பு சின்னவனின் ஷூ லேசைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வெற்றிச்செல்வன் யாழினியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு தெருவுக்குள் திரும்பியபோது, அம்மா முன்பக்கம் காட்டி முடித்து, எரிகிற தட்டோடு வேனைச் சுற்றிப் பின்பக்கம் வந்துகொண்டிருந்தாள். காற்று இவன் பக்கம் வீசியது. அந்த வாசனை அன்று மல்லிகையை அமுக்கிக்கொண்டு வந்தது.

மகளை இறக்கி நிறுத்தினானா, சைக்கிளோடு போட்டானா என்று அவனுக்கே தெரியாது. ஓடினான். அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துத் தட்டைத் தட்டிவிட்டான். அது எதிர்வீட்டு வாசலில் கொட்டியிருந்த மணலில் போய் விழுந்தது. விழுந்த கற்பூரத்தைச் செருப்புக் காலால் மிதித்து மிதித்து அணைத்தான்.

"சாமி நெருப்ப செருப்பு காலால மிதிக்கிறியேடா பாவி" என்று அமுதவல்லி அழ ஆரம்பித்தாள்.

"கேஸ் கசியுது. எல்லாரும் எறங்குங்க" என்றான்.

வேம்பு வேனுக்குள் தலையை விட்டாள். ஒரு கையால் பூச்சரத்தை விலக்கிவிட்டு மூச்சை இழுத்தாள். தன் பிள்ளைகள், பிறத்தியார் பிள்ளைகள் என்று பார்க்காமல் கையில் அகப்பட்டதைப் பிடித்து வெளியே இழுத்தாள். எல்லோரும் இறங்கிய பிறகு, சைக்கிள் பக்கத்தில் முழங்காலில் மண்ணோடு நின்றுகொண்டிருந்த யாழினியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியும்" என்றாள் அவனிடம். "ஒன் புள்ளய மட்டும் எறக்கிக்கிட்ட."

அவன் வாயைத் திறந்தான். அப்பா, போலீஸ், ஆடி என்று எத்தனையோ காரணங்கள் வைத்திருந்தான். ஒன்றுகூட வெளியே சொல்லத் தகுந்ததாக இல்லை. வேம்பு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று முழுக்க அவன் வெளியே தலைகாட்டவில்லை. மறுநாள் காலையில் செயினை அடகு வைத்தான். ஆடியாவது ஆவணியாவது, இன்றைக்கே வண்டியை எடுத்துச் சிலிண்டரைக் கழற்றி வேம்புவின் கண்முன்னால் போடுவது என்று பணத்தோடு அப்பா வீட்டுக்குப் போனான்.

வேன் நிற்கும் இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. சாமிக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எவளும் இனிமேல் பிள்ளையை அனுப்பப் போவதில்லை, சும்மா நிறுத்தி வைத்து என்ன செய்ய என்று அவனைப் பார்க்காமலே சொன்னார். விடியற்காலையிலேயே இராமதாஸ் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம். திங்கட்கிழமையிலிருந்து வில்லியனூரில் ஸ்கூல் ட்ரிப்பாம்.

"டியூப் விஷயத்த சொன்னியாப்பா?"

"அவன் கேக்கல."

அமுதவல்லி வாசற்படியில் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்வன் அவள் பக்கம் திரும்பினான். ஆடியில் வண்டி கைமாறக் கூடாது என்றாயே அம்மா என்று கேட்டான். அவள் நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

"ஆடி நம்ம புள்ளைக்குத்தான்டா ஆவாது. அவன் யாரோ எவனோ."

அவனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அவளைத் திட்டுவதற்காக வாயெடுத்தான். அவள் சொன்னதைத்தானே இத்தனை நாளாக அவன் செய்துகொண்டிருந்தான். இராமதாஸின் வீடு எந்தத் தெரு என்று அப்பாவிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு வில்லியனூர் ரோட்டில் மிதிக்க ஆரம்பித்தான்.