வெட்டி எடுத்த மௌனம்

கல்வித் துறையின் இணையதளத்தில் கணக்கு டீச்சரின் பின்னப் பாடங்கள் ஏறிய வாரத்தில், அவர் வீட்டுச் சமையலறையில் சத்தம் நின்றுபோனது. குக்கரிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது, விசில் கேட்கவில்லை. கரண்டி கீழே விழுந்து துள்ளியது, அதுவும் கேட்கவில்லை. காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து டீச்சர் வாசலுக்கு வந்தார். தெருவில் போன சைக்கிள் மணி கணீரென்று கேட்டது. அடுத்த வாரம் கூடமும் அடங்கியது. அவருடைய கணவர் பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் வண்டி கிளம்பும் நேரத்தை அறிவிப்பவர். அங்கே பேசியது போதாதென்று வீட்டுக்கு வந்தும் வாய் ஓயாதவர். செருப்பைக் கழற்றும்போது அவர் ஆரம்பித்த கதை வாசற்படியைத் தாண்டியதும் வெறும் வாயசைப்பாகிவிட்டது. மனிதர் அதைக் கவனிக்கவே இல்லை. கதையை முழுக்க முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

பள்ளிகளைச் சீர்திருத்துவது என்று துறை முடிவெடுத்த ஆண்டு அது. நன்றாகப் பாடம் நடத்துகிறவர்களைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்து, எல்லா ஊர் ஆசிரியர்களும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் போட்டார்கள். பயிற்சித் தாள்களும் கூடவே இலவசம். நல்ல யோசனைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு விதி, எந்தப் பாடமும் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கணக்கு டீச்சரின் பாடமோ முக்கால் மணி நேரம். ஒரு கேள்வியைக் கேட்டால் அவர் மேசையில் சாய்ந்து நின்றுகொள்வார். கையைத் தூக்கும் முந்திரிக்கொட்டைகளைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, கடைசிப் பிள்ளை யோசித்து முடிக்கும்வரை காத்திருப்பார். பிள்ளைகளே இல்லாத ஸ்டுடியோவில் கேமராவைப் பார்த்துக் கேட்டபோதும் அப்படியேதான் காத்திருந்தார். படத்தைத் தொகுத்தவர் ஒரு நல்ல மனிதர், அலுவலகத்தில் எல்லோரும் வெட்டுக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவர் அந்தக் காத்திருப்புகளையெல்லாம் சுத்தமாக நறுக்கி எறிந்தார். பாடம் ஐந்து நிமிடத்துக்குள் ஜம்மென்று ஓடி முடிந்தது. நறுக்கியதெல்லாம் போக்கிடம் இல்லாமல் உரியவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அக்கம்பக்கத்தாருக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையைத் தூங்கவைக்க அங்கே தூக்கி வந்தாள். தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூடத்தில் பாய் விரித்தார்கள். சொத்துத் தகராறில் முறுக்கிக்கொண்டு திரிந்த அண்ணன் தம்பி இருவர் வந்து, மூச்சு வாங்கும்வரை ஒருவரையொருவர் திட்டித் தீர்த்து, ஒரு சொல்கூடக் காதில் விழாததால் மனஸ்தாபம் இல்லாமல் கிளம்பிப் போனார்கள். கணவர்தான் நொந்துபோனார். மாலையில் மனைவியை வாசலுக்குக் கூப்பிட்டு, அன்றைய கதையை நின்றபடியே சொல்லிவிட்டு உள்ளே போவார். அந்த மனிதரின் தொணதொணப்பு தனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பது டீச்சருக்கே அப்போதுதான் தெரிந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். பள்ளியில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. காத்திருப்பு படத்திலிருந்து மட்டும் போகவில்லை, டீச்சரிடமிருந்தும் போய்விட்டது. கேள்வியைக் கேட்ட வாய் மூடுமுன்னே பதிலையும் சொல்லிவிடும். நிறுத்தப் பார்ப்பார், நாக்கு நிற்காது. ஐந்தாம் வகுப்பில் தச்சர் மகள் ஒருத்தி இருந்தாள். வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர். எல்லோரும் பதில் சொல்லிக் களைத்த பிறகு மெல்ல எழுந்து, யாருக்கும் தோன்றாத ஒரு வழியில் கணக்கை முடிப்பாள். இப்போது அவள் எழுவதற்குள் டீச்சர் மூன்று கேள்விகளைத் தாண்டியிருந்தார். அவள் முதலில் எழுவதை நிறுத்தினாள், பிறகு பேசுவதை நிறுத்தினாள், இரண்டாம் பருவத்தில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். டீச்சர் பட்டறைக்குப் போய்க் கேட்டார். தச்சர் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"நான் மக்கு, எனக்கு எதுக்குப்பா பள்ளிக்கூடம்னு கேக்குறா டீச்சர். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' டீச்சரின் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு வந்து சமையலறையில் குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் அழுகை தனக்கே கேட்காததால், அழுது தீர்த்த ஆறுதல்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் நேராக வெட்டுக்காரரிடம் போய் நின்றார்.

"தம்பி, நான் பேசாம நின்ன இடமெல்லாம் எங்க?"

"அதையெல்லாம் அப்பவே அழிச்சாச்சே டீச்சர்."

"அழியல. என் வீட்லதான் கெடக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க."

வெட்டுக்காரர் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அத்தனை சுத்தமான மௌனத்தை அவர் தொழிலில் கேட்டதே இல்லை. கூடத்தில் கிடந்தவை நீளமானவை, கடினமான கேள்விகளுக்கு உரியவை. சமையலறையில் சின்னச் சின்னதாக நிறைய இருந்தன. அலமாரிக்குப் பின்னால் ஒன்று பதுங்கியிருந்தது, அது டீச்சருக்கே பதிலில் சந்தேகம் வந்த இடத்தினுடையது. எல்லாவற்றையும் பதிவு செய்து எடுத்துப்போய், ஒவ்வொன்றையும் அதனதன் கேள்விக்குப் பின்னால் ஒட்டினார். அன்று மாலை கணவர் கூடத்தில் உட்கார்ந்து, வீட்டுக்குள் பேச முடியாமல் போன மாதங்களுக்கும் சேர்த்துப் பேசினார். டீச்சர் ஒரு வார்த்தை குறுக்கிடவில்லை.

கல்வித் துறை இயக்குநர்தான் தாம்தூம் என்று குதித்தார். "முக்கால் மணி நேரமா? நெட் நின்னுபோச்சுன்னு நெனைக்க மாட்டாங்களா?" என்று வெட்டுக்காரரைப் பிடித்துக் காய்ச்சினார். தூக்கச் சொல்வதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அறையில் தனியாக உட்கார்ந்தார். மூன்றரை மீட்டர் துணியில் அரை மீட்டர் துண்டுகள் எத்தனை என்று திரையிலிருந்த டீச்சர் கேட்டார். கேட்டுவிட்டு அவரையே பார்த்தபடி மேசையில் சாய்ந்தார். இயக்குநர் படத்தை முன்னே ஓட்டப் பார்த்தார், அது ஓடவில்லை. தேநீர் கொண்டுவந்த உதவியாளர் உள்ளே நுழைந்தபோது, அதிகாரி விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் வெட்கத்தோடு, "ஏழு," என்றார். திரையில் டீச்சர் தலையாட்டினார். ஐந்து நிமிட விதி அந்த வாரமே கைவிடப்பட்டது. பாடத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தார்கள்: படம் நிற்கவில்லை, ஆசிரியர் காத்திருக்கிறார்.

டீச்சர் மறுபடி பட்டறைக்குப் போனார். ஒரே ஒரு நாள் வந்து பார், பிடிக்காவிட்டால் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். பெண் தலையில் மரத்தூளோடு வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரெண்டு ரொட்டியை மூணு பேருக்குச் சமமாக எப்படிக் கொடுப்பீர்கள் என்று டீச்சர் கேட்டார். கேட்டதும் நாக்கு தானாக அடங்கியது. கை தூக்கியவர்கள் தூக்கி ஓய்ந்தார்கள். வெகுநேரம் கழித்து அவள் எழுந்தாள்.

"இன்னும் யோசிக்கிறேன் டீச்சர்."

"யோசிம்மா. நான் எங்க போகப் போறேன்."

பியூன் மணியை அடித்தார், சத்தம் வரவில்லை. இன்னொரு முறை ஓங்கி அடித்தார், அப்போதும் வரவில்லை. ஐந்தாம் வகுப்பை எட்டிப் பார்த்தார், மணியடிக்கும் கட்டையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"ஒவ்வொரு ரொட்டியையும் மூணா வெட்டணும்," என்றாள் அவள். "ஆளுக்கு ரெண்டு துண்டு."

அந்தப் பள்ளியின் கால அட்டவணையில் ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு முடியும் நேரம் இப்போது போடுவதில்லை. அடுத்த பாடத்து ஆசிரியர் வாசலில் நிற்பார். மணி கேட்ட பிறகு உள்ளே போவார்.